வீட்டோடு ஊர் சுற்றினால் காசு மிச்சமாகுமா?

“ஹோட்டல் வாடகை மிச்சம். சமைத்துச் சாப்பிட்டால் கடைச் சாப்பாட்டுக் காசும் மிச்சம். அப்புறம் என்ன செலவு இருக்கப் போகிறது?”

மோட்டார்ஹோம் எடுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் பேச்செடுக்கும் வீடுகளில் முதலில் வரும் வாதம் இதுதான். கைப்பேசியில் பார்த்த படமும் அதற்குத் துணை நிற்கும்: பனிமலை, நீல ஏரி, கரையோரம் ஒரு வெள்ளை வண்டி, திறந்த பின்கதவு, கையில் காப்பிக் கோப்பை. அந்தப் படத்தில் வண்டியின் வாடகைச் சீட்டு தெரிவதில்லை. கழிவறைப் பெட்டியை அன்று காலையில் யார் காலி செய்தார்கள் என்பதும் தெரிவதில்லை.

காசு மிச்சமாகுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மலேசியாவில் ஒரு கணக்கு, நியூசிலாந்தில் வேறொரு கணக்கு. இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம்மவர்களுக்குக் ‘கேரவன்’ என்றாலே படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். சுற்றுலா உலகில் கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும், எஞ்சின் இல்லாத வீடு. மோட்டார்ஹோம் தானே ஓடும். லாரி அல்லது பெரிய வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் இருக்கும். கேம்பர்வேன் என்பது இதன் தம்பி: சாதாரண வேனுக்குள் ஒரு படுக்கையும் சின்ன அடுப்பும். இங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பின்னிரண்டும்தான். உள்நாட்டில் சில ஓய்வுத்தளங்களில் ‘கேரவனில் தங்கலாம்’ என்று விளம்பரம் செய்வார்கள். அது ஓடாத வண்டி; ஹோட்டல் அறைக்கு வேறு உருவம். பிள்ளைகளின் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும் என்றால், ஓரிரவுச் செலவோடு முடித்துக்கொள்ளலாம்.

உள்ளூரில் என்ன கணக்கு?

கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு கேமரன் மலை, ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று நான்கு இரவு சுற்றிவிட்டுத் திரும்பும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,000 கிலோமீட்டர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என ஐந்து பேர்.

மோட்டார்ஹோம் வாடகை இரவுக்கு 600 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நான்கு இரவுக்கு 2,400 வெள்ளி. இந்த வண்டிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்குப் போனது நினைவிருக்கும். பிறகு விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 3 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்றால் 360 வெள்ளி.

டோலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நெடுஞ்சாலைகளில் கட்டணம் அச்சையும் சக்கரத்தையும் எண்ணி வாங்கப்படுகிறது. இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்பு. காருக்கு உள்ள கட்டணமே. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி என்றால் இரண்டு அச்சு, ஆறு சக்கரம்; அது இரண்டாம் வகுப்பு. கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டியை முன்பதிவு செய்யும்போதே பின்சக்கரம் ஒற்றையா இரட்டையா என்று கேட்டுவிடுங்கள். இரட்டை என்றால் இந்தப் பயணத்துக்குப் போக வர 170 வெள்ளி ஒதுக்கலாம். முகாம் இடத்துக்கு இரவுக்கு 60 வெள்ளி என்றால் இன்னொரு 240. ஆக மொத்தம் 3,170 வெள்ளி.

இதே பயணத்தைச் சொந்தக் காரில் போனால்? மலேசியக் குடிமக்களுக்கான புடி95 விலையான 1 வெள்ளி 99 காசில் 90 லிட்டர் பெட்ரோல் 179 வெள்ளி. டோல் 90. குடும்ப அறையோ இரண்டு அறைகளோ, இரவுக்கு 350 வெள்ளி என்றால் 1,400. மொத்தம் 1,669 வெள்ளி. சாப்பாட்டுச் செலவு இரண்டுக்கும் பெரிதாக மாறாது. ஈப்போவுக்குப் போய் வண்டிக்குள் மெகி மீ அவித்துச் சாப்பிடும் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக உள்நாட்டில் மோட்டார்ஹோம் ஏறக்குறைய இரண்டு மடங்குச் செலவு. இதற்குக் காரணம் வாடகைக்காரர்களின் பேராசை என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் ஹோட்டல் அறை மலிவு, கடைச் சாப்பாடு மலிவு, பெட்ரோல் மலிவு. மோட்டார்ஹோம் எந்தச் செலவையெல்லாம் மிச்சப்படுத்துமோ அவை எல்லாம் இங்கே ஏற்கெனவே குறைவு. மிச்சப்படுத்த ஒன்றும் இல்லாத இடத்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

காசுக் கணக்கில் வராத இன்னொன்று, வெப்பம். கடற்கரையில் நிறுத்திய தகரப் பெட்டிக்குள் இரவு பத்து மணிக்கும் புழுங்கும். குளிர்சாதனம் ஓட மின்சாரம் வேண்டும். வண்டியில் இருக்கும் மின்கலம் விளக்குக்கும் விசிறிக்கும் போதும். இரவு முழுவதும் குளிர்சாதனத்துக்குப் பெரும்பாலும் தாங்காது. வெளியிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்ளும் வசதியுள்ள முகாம்தான் தேவை. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதனால் இங்கே முதல்முறை எடுப்பவர்கள் கேமரன் மலைப் பக்கம் போவது புத்திசாலித்தனம். இரவில் இயற்கையே குளிரூட்டிவிடும். ஆனால் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய பாதை வளைவுகள் நிறைந்தது. நீளமான வண்டிக்கு சிம்பாங் பூலாய் வழியே கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை எவ்வளவோ மேல். ஆண்டிறுதி விடுமுறையில் கிழக்குக் கரைப் பக்கம் போக நினைப்பவர்கள் பருவமழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெரிக்–ஜெலி சாலையில் பொழுது சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். யானைகளுக்கு உங்கள் வண்டியின் காப்புறுதித் தொகை தெரியாது.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இலவசமாகப் படுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. களைத்துப்போன ஓட்டுநர் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர அவை நல்ல இடம்தான். நாற்காலி விரித்து, எரிவாயு அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்த அவை கட்டப்படவில்லை.

நியூசிலாந்தில் எப்படி?

மோட்டார்ஹோம் பயணத்துக்கு நம்மவர்கள் அதிகம் விரும்பும் நாடு இது. நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். அங்கே 6 டன் வரையிலான வண்டியைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். வாடகைக்கு எடுக்கப் பெரும்பாலும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலேசிய உரிமத்தோடு ஜேபிஜே வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஓராண்டுக்கு 150 வெள்ளி. சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தென் தீவில் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெக்காப்போ ஏரி, மவுண்ட் குக், வானாகா, குவீன்ஸ்டவுன், தே அனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட் என்று போய், மேற்குக் கரை வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பும் 10 நாள் சுற்று. சுமார் 1,800 கிலோமீட்டர். அதே ஐந்து பேர். கணக்கு நியூசிலாந்து டாலரில். ஒரு டாலர் இரண்டரை வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம், கூட்டம் குறைந்த இலையுதிர் மாதங்கள்.

ஆறு பேர் படுக்கும் வண்டி நாளுக்கு 250 டாலர் என்றால் 2,500. விபத்துப் பொறுப்பைக் குறைக்கும் கூடுதல் காப்புறுதி நாளுக்கு 45 என்றால் 450. டீசல், 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர், லிட்டர் 2 டாலர் என்ற கணக்கில் 504.

அடுத்து வருவது, நம் ஊரில் கேள்விப்படாத ஒரு செலவு. நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டு. பெட்ரோல் விலையிலேயே சாலை வரி சேர்ந்திருக்கிறது, டீசலில் இல்லை. அதை ஓடிய தூரத்துக்குத் தனியாக வசூலிக்கிறார்கள். 3.5 டன் வரையிலான வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். வாடகை நிறுவனங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓட்டமானியைப் பார்த்து இதைக் கேட்பார்கள். 1,800 கிலோமீட்டருக்கு 137 டாலர். டீசல் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்கள் கடைசி நாளில் முகம் சுளிப்பது இதனால்தான்.

இரவு தங்கும் செலவு: மின்சாரம், வெந்நீர், துணி துவைக்கும் வசதியெல்லாம் உள்ள தனியார் முகாம்களில் 5 இரவு, குடும்பத்துக்கு 110 டாலர் வீதம் 550. இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய முகாம்களில் 3 இரவு, 60 வீதம் 180. அனுமதிக்கப்பட்ட இலவச இடங்களில் 2 இரவு. ஆக 730. பேரங்காடியில் வாங்கிச் சமைத்துச் சாப்பிட நாளுக்கு 80 என்றால் 800. எரிவாயு நிரப்புவது, துணி துவைப்பது போன்ற சில்லறைக்கு 60. கூட்டினால் 5,181 டாலர்.

இதற்கு மேல், மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டாம் என்றாலும் மின்னியல் பயண அனுமதி வேண்டும். கைப்பேசிச் செயலி வழியாக 17 டாலர். அதோடு அனைத்துலக வருகையாளர் வரி 100 டாலர். 2024 அக்டோபர் 1க்கு முன் அது 35 டாலராக இருந்தது. பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்து பேருக்கு 585. மொத்தம் 5,766 டாலர். நம் காசில் ஏறக்குறைய 14,400 வெள்ளி. விமான டிக்கெட் தனி.

இதையே வாடகைக் காரும் தங்கும் விடுதியுமாகப் போட்டால்: கார் 900, அதற்குக் காப்புறுதி 250, பெட்ரோல் 390, ஐந்து பேர் படுக்கும் இடம் இரவுக்கு 280 வீதம் 2,800, பாதி சமையல் பாதி கடை என்று சாப்பாடு 1,600, அனுமதியும் வரியும் 585. மொத்தம் 6,525 டாலர்.

மோட்டார்ஹோமில் சுமார் 760 டாலர் மிச்சம். 1,900 வெள்ளி. மோசமில்லை, ஆனால் பலரும் கற்பனை செய்யும் அளவுக்குப் பெரிய மிச்சமும் இல்லை. இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: பாதிக்கு மேல் சமையலிலிருந்து. வண்டியில் சமைக்காமல் வேளாவேளைக்கு உணவகத்தில் உட்காரும் குடும்பத்துக்கு மிச்சம் காணாமல் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் போனால் அதே வண்டியின் நாள் வாடகை 400, 450 டாலர் என்று ஏறிவிடும். விடுதிகளும் ஏறும் என்றாலும் வண்டி அளவுக்கு ஏறாது. இருவர் மட்டும் போகும் இளம் தம்பதிக்கு ஆறு பேர் வண்டி எடுப்பது வீண். அவர்களுக்குச் சின்னக் கேம்பர்வேன் பொருந்தும். ஆனால் சின்ன வண்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கழிவறைதான் அந்தச் சிக்கல்

இலவசமாக எங்கும் நிறுத்திப் படுக்கலாம் என்பது பழைய கதை. 2023இல் நியூசிலாந்து சட்டத்தைத் திருத்தியது. ஊராட்சி அனுமதித்த பல இடங்களில் இரவு தங்க, வண்டிக்குத் ‘தன்னிறைவு’ச் சான்று வேண்டும். வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறை இருந்தால்தான் அந்தப் பச்சை நிற வில்லை கிடைக்கும். இருக்கைக்கு அடியில் தள்ளிவைக்கும் கையடக்கக் கழிவறை இனிச் செல்லாது. விதியை மீறி முகாமிட்டால் அபராதம் 400 டாலர். மலிவான வேனை எடுத்துவிட்டு, ஏரிக்கரையில் ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று படுத்தால், ஒரே இரவில் நான்கு நாள் முகாம் கட்டணம் போய்விடும். சில இடங்களுக்கு அபராதம் இதைவிட அதிகம்.

பெரிய வண்டியில் கழிவறை இருக்கிறது. அதைக் காலி செய்யவும் வேண்டும். கழிவு ஒரு பெட்டியில் சேரும். ஐந்து பேர் பயன்படுத்தினால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதை இழுத்துக்கொண்டு போய், அதற்கென ஊர்தோறும் அமைத்திருக்கும் கொட்டுமிடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். இந்தக் கடமை பெரும்பாலும் குடும்பத் தலைவரின் தலையில்தான் விழும். என் உறவினர் ஒருவர், பத்து நாள் பயணத்தில் மவுண்ட் குக்கைவிட இந்தப் பெட்டியின் எடைதான் நன்றாக நினைவிருக்கிறது என்பார். பகலில் பொதுக் கழிவறைகளையும் முகாம் கழிவறைகளையும் பயன்படுத்துவது என்று முதல் நாளே வீட்டில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இந்த வேலை பாதியாகும்.

இயற்கைவளத் துறையின் முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு போகக்கூடியவை மட்டும் 200க்கு மேல் உண்டு. வசதி குறைவு, இடம் அருமை. மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் காலையில் கண் விழித்தால், பெரிய ஹோட்டலில் பல நூறு டாலர் கொடுத்தவர் பார்க்கும் அதே மலையைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். மோட்டார்ஹோமின் நியாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பணத்தை மிச்சப்படுத்துவதைவிட, பணக்காரர் மட்டும் தங்கும் இடத்தில் சாதாரணக் குடும்பத்தைத் தங்க வைக்கிறது.

பிணைத்தொகையும் சின்ன எழுத்தும்

வண்டியை எடுக்கும்போது ஒப்பந்தத்தைப் படிக்க நேரம் ஒதுக்குங்கள். கூடுதல் காப்புறுதி எடுக்காவிட்டால், சேதம் ஏற்பட்டால் நீங்கள் கட்ட வேண்டிய உச்சத் தொகை 5,000 டாலரிலிருந்து 7,500 டாலர் வரை இருக்கும். அந்தத் தொகையை உங்கள் கடன்பற்று அட்டையில் முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். சில இடங்களில் ‘பிடித்து வைப்பது’ இல்லை. உண்மையாகவே வசூலித்து, பிறகு திருப்பித் தருவார்கள். போகும்போது ஒரு நாணய மாற்று விகிதம், திரும்பும்போது வேறொன்று. இரண்டு முறையும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வண்டியில் ஒரு கீறல்கூட விழாமலேயே சில நூறு வெள்ளி கரைவது இப்படித்தான். ‘வசூலிப்பீர்களா, நிறுத்தி மட்டும் வைப்பீர்களா?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையின் கடன் வரம்பும் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

முழுக் காப்புறுதி எடுத்தாலும் அதில் சேராதவை உண்டு. வண்டியின் கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் பல ஒப்பந்தங்களில் விலக்கு. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான வண்டியை ஓட்டுகிறோம் என்பதைக் கார் பழகிய கை மறந்துவிடும். கடைவாசல் கூரை, தாழ்ந்த மரக்கிளை, வாகன நிறுத்துமிடத்தின் உயரக் கம்பி எல்லாம் வில்லன்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். குவீன்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் சாலை, வட தீவில் நைன்ட்டி மைல் கடற்கரை போன்ற இடங்களுக்கு வாடகை வண்டியைக் கொண்டுபோனால் காப்புறுதி செல்லாது. பெட்ரோல், டீசல் மாற்றி ஊற்றுவதற்கும் காப்புறுதி கைகொடுக்காது. தூரக் கணக்கையும் கவனியுங்கள்: 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். கூகள் மூன்று மணி நேரம் என்று காட்டினால் நான்கு என்று எடுத்துக்கொள்வது பத்திரம்.

இரு தீவுகளையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் வெலிங்டனுக்கும் பிக்டனுக்கும் இடையே படகில் கடக்க வேண்டும். மூன்றரை மணி நேரப் பயணம். கட்டணம் வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. பெரிய மோட்டார்ஹோமுக்கும் ஐந்து பேருக்கும் ஒரு வழிக்கே சில நூறு டாலர் ஆகும். பத்து நாளில் இரண்டு தீவு என்பது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

பாட்டியும் கறிவேப்பிலையும்

ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்தால், அதில் இரண்டு பேர் ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் பரணில் ஏணி வைத்து ஏற வேண்டும் என்று பொருள். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அது ஆகாது. அவருக்குப் பின்பக்கப் படுக்கை. நடுவில் இருக்கும் மேசையைத் தினமும் இரவில் கழற்றிப் படுக்கையாக்கி, காலையில் மீண்டும் மேசையாக்குவது மற்றவர் வேலை. வாசற்படி உயரமாக இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் இரவையும் கடைசி இரவையும் விடுதியில் கழிப்பது நல்ல செலவு. விமானக் களைப்போடு நேராகப் போய்ப் பெரிய வண்டியை ஓட்டுவதும் ஆபத்து. பல நிறுவனங்களே அதை விரும்புவதில்லை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு சோதனை. நியூசிலாந்தில் 7 வயது நிரம்பாத பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட பிள்ளை இருக்கையில்தான் உட்கார வேண்டும். மோட்டார்ஹோமில் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது. படுக்கை எத்தனை என்று பார்ப்பதற்கு முன், பிள்ளை இருக்கை பொருத்தக்கூடிய இடம் எத்தனை என்று கேளுங்கள்.

சமையலுக்கு வருவோம். மிளகாய்த்தூள், மசாலாத்தூள், பருப்பு என்று நம் பெட்டி மணக்க மணக்கப் போகும். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத தூள்வகைகளை வருகை அறிவிப்பில் குறிப்பிட்டுவிட்டு அதிகாரியிடம் காட்டினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன், வீட்டில் செய்த இறைச்சித் தொக்கு போன்றவற்றைக் கொண்டுபோக வேண்டாம். அறிவிக்காமல் பையில் ஒரு ஆப்பிள் இருந்தாலும் அங்கேயே 400 டாலர் அபராதம். அறிவித்துவிட்டால், அதிகபட்சம் பொருளை எடுத்துக் குப்பையில் போடுவார்கள்; அபராதம் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சிலும் ஆக்லாந்திலும் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. வண்டியை எடுத்ததும் முதலில் அங்கே போய் அரிசி, பருப்பு வாங்கிவிடுங்கள். குவீன்ஸ்டவுன் போன்ற சுற்றுலா ஊரில் விலை அதிகம். அப்பளம், மீன் பொரியல் எல்லாம் வண்டிக்குள் வேண்டாம். அந்த வாசனையோடுதான் அன்றிரவு அனைவரும் தூங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணமும் கேட்கக்கூடும். பெரும்பாலான முகாம்களில் பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. தாளிப்பை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரேலியா, ஜப்பான்

ஆஸ்திரேலியாவும் இடப்பக்கம் ஓட்டும் நாடு. 4.5 டன் வரை கார் உரிமம் போதும். நுழைவு அனுமதிக்கான செயலிக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். வருகையாளர் வரிச் சுமை நியூசிலாந்து போல இல்லை. ஆனால் தூரம்தான் பணம் தின்னும். வரைபடத்தில் ஒரு விரல் அகலம் என்பது ஒரு நாள் ஓட்டம். பொழுது சாய்ந்தபின் கங்காருகள் சாலைக்கு வருவதால், நகருக்கு வெளியே இரவில் ஓட்டுவதைப் பல ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் சாலை வழியாக ஒரு வாரம் என்ற அளவில் வைத்துக்கொண்டால் முதல் பயணத்துக்குப் பொருந்தும்.

ஜப்பானில் சின்னக் கேம்பர்வேன்கள் இப்போது இளையோரிடம் பெயர் பெற்றுள்ளன. சாலையோரத்தில் ‘மிச்சி நோ எக்கி’ என்ற ஓய்வு நிலையங்கள் 1,200க்கு மேல் இருக்கின்றன. சுத்தமான கழிவறை, ஊர்ப் பொருள் கடை எல்லாம் உண்டு. அவை களைப்பாறத்தான், முகாமிட இல்லை. நெடுஞ்சாலை டோல் நம் ஊரோடு ஒப்பிட்டால் கண்ணைக் கட்டும். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி அங்கே கட்டாயம்.

சொந்தமாக வாங்கலாமா?

உள்நாட்டில் பலமுறை போகிறவர்களுக்கு வரும் ஆசை இது. 150,000 வெள்ளிக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 வெள்ளி மதிப்புக் குறையும். காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு, டயர் என்று இன்னொரு 5,000. கடன் வட்டியைச் சேர்க்காமலேயே ஆண்டுக்கு 15,000. வேலை, பள்ளி, கல்யாணம், திருவிழா எல்லாம் போக ஆண்டுக்கு 30 இரவு அதில் தூங்கினால், இரவுக்கு 500 வெள்ளி. வாடகைக்கு எடுப்பதற்குச் சமம்தான். 15 இரவு என்றால் 1,000 வெள்ளி; அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலிலேயே படுக்கலாம்.

வாங்குவதைவிட நிறுத்துவது கடினம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடத்தில் உயர வரம்பு பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். தரைவீட்டுத் தெருவில் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் முதல் வாரம் ரசிப்பார், இரண்டாம் வாரம் நகராண்மைக் கழகத்தை அழைப்பார். பழைய வேனை வாங்கி நாமே படுக்கையும் அடுப்பும் பொருத்தலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஜேபிஜேயிடம் போங்கள். அனுமதி பெறாத மாற்றங்கள் சோதனையில் சிக்கினால் அபராதம். விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். அந்தப் பெரிய தொகைக்கு முன் அபராதம் ஒன்றுமே இல்லை. உரிமத்தையும் பாருங்கள்: நம் டி வகுப்பு உரிமம் சுமையில்லா எடை 3,500 கிலோ வரைதான்.

செலவைக் குறைக்கும் வழிகள்

காலம்தான் முதல் வழி. பள்ளி விடுமுறையைக் கட்டிக்கொள்ளாத இளம் தம்பதிகள் மார்ச் இறுதி, ஏப்ரல், அக்டோபர் என்று போனால் வாடகை பாதியாகவும் கிடைக்கும். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஜூன் விடுமுறை கிடைக்கிறது. அப்போது நியூசிலாந்தில் குளிர்காலம், வாடகை குறைவு. ஆனால் பகல் சிறுத்துவிடும், மலைச்சாலையில் பனி உறையும், சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வேண்டி வரும். அனுபவமில்லாதவர் அப்போது வட தீவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. பயணிகள் ஒரு ஊரில் எடுத்த வண்டியை வேறு ஊரில் விட்டுவிட்டுப் போவார்கள். நிறுவனம் அதைத் திரும்பக் கொண்டுவர ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, யாராவது குறிப்பிட்ட நாளுக்குள் ஓட்டிக்கொண்டுவந்தால் நாளுக்கு ஒரு டாலர் வாடகை என்று அறிவிப்பார்கள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா இரண்டிலும் இதற்கென இணையத்தளங்களே உண்டு. சில நேரம் ஒரு தொட்டி எண்ணெயும் தீவு கடக்கும் படகுக் கட்டணமும்கூடத் தருவார்கள். நாள் குறைவு, பாதை அவர்கள் சொல்வது, அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும். பாட்டியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதை நம்பிப் போக முடியாது. முதுகுப் பையோடு போகும் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இதைவிட மலிவான பயணம் கிடையாது.

மற்றபடி, வண்டியைக் கையில் வாங்கும் அந்த ஒரு மணி நேரத்தை அவசரப்படுத்தாதீர்கள். கூரை, அடிப்பாகம், கண்ணாடி, சக்கர விளிம்பு என்று எல்லாப் பக்கமும் கைப்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, கழிவுநீர்த் திருகு எங்கே, எரிவாயு உருளையை எப்படி அடைப்பது என்று ஊழியர் காட்டும்போது அதையும் படம் பிடியுங்கள். அன்றிரவு முகாமில் வெந்நீர் வராதபோது, அந்தக் காணொளிதான் உங்களுக்கு உதவும். வாடகை நிறுவனத்தின் தொலைபேசியை இரவு எட்டு மணிக்கு மேல் பெரும்பாலும் இயந்திரம்தான் எடுக்கும்.